பூட்டிய பின் ஒரு பார்வை

இந்த ஊரில் குவளையைக் கையில் வாங்கியதும் குடித்துவிட முடியாது. பெர்னில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சின்னதாக ஒரு வெற்றி கிடைத்தாலும் மாலை ஐந்து மணிக்கு 'அப்பெரோ' வைப்பார்கள். நின்றபடியே வெள்ளை ஒயின், சீஸ் துண்டுகள், உப்புக் குச்சிகள். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் குவளையைத் தட்டிக்கொள்ள வேண்டும். தட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கை இன்னொருவர் கைக்குக் குறுக்கே போகக் கூடாது. போகும் போலிருந்தால் ஒருவர் காத்திருந்து வழிவிட வேண்டும். எட்டுப் பேர் நின்றால் இருபத்தெட்டு தட்டல். அது முடியும்வரை யாரும் ஒரு சொட்டு குடிப்பதில்லை. வந்த புதிதில் நான் ஆப்பிள் சாற்றை வாங்கிய தாகத்தில் மடக் மடக்கென்று குடித்துவிட்டு நிமிர்ந்தேன். பந்தியில் பரிமாறி முடிப்பதற்குள் கை வைத்தவளைப் பார்ப்பது போல ஏழு பேரும் பார்த்தார்கள்.

சென்ற வசந்தத்தில் நடந்த அப்பெரோவில் நான் ஒழுங்காகக் காத்திருந்தேன். எல்லோருடைய கண்ணையும் பார்த்தேன். பேயாட்டின் கண்ணை மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன். அன்றைய கொண்டாட்டம் அவனுக்காக. அவன் செய்ததாகச் சொல்லப்பட்ட வேலை என்னுடையது. அது இன்னும் சில வாரங்களில் அவன் முகத்திலேயே வெடிக்கும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். "ப்ரோஷ்ட், கோமட்டி" என்றான். கோமதி என்ற என் பெயர் அவன் வாயில் அப்படித்தான் வரும். "ப்ரோஷ்ட், பேயாட்" என்றேன். இந்தப் பெயரை முதன்முதலில் போனில் கேட்டபோது என் அம்மா, "பேயாட்டமா? அப்படியெல்லாமா பிள்ளைக்குப் பேரு வைப்பாங்க?" என்றாள். பீட் என்று எழுதி பேயாட் என்று வாசிக்கும் சாதாரண சுவிஸ் பெயர் அது. ஆறடி உயரம், அமைதியான குரல், மேசையில் பென்சில்கள்கூட வரிசையாக இருக்கும். எங்கள் குழுவுக்குத் தலைவன்.

என் வேலையை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது சிரமம் என்று பலர் சொல்வார்கள். எனக்குச் சிரமமில்லை, ஏனென்றால் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். பஸ் வந்து நிற்கிறது. ஜன்னல் வழியாக இந்தப் பக்கமிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார், இடம் காலி. அந்தப் பக்கமிருந்து இன்னொருவரும் அதே நொடியில் பார்க்கிறார், இடம் காலி. இருவரும் துண்டைப் போடுகிறார்கள். இருவரும் இடம் பிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டு கூட்டத்தில் முட்டி மோதி ஏறி வருகிறார்கள். பார்த்ததற்கும் போட்டதற்கும் நடுவிலிருக்கும் அந்த நொடிதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். கம்ப்யூட்டருக்குள், தகவல்களை வட்டில் எழுதிவைக்கும் ஃபைல் சிஸ்டம் என்ற பகுதியிலும் இதே தள்ளுமுள்ளு உண்டு. இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். பஸ்ஸிலாவது துண்டு போட்ட இருவரும் வாய்ச்சண்டை போடுவார்கள். கம்ப்யூட்டரில் இரண்டாவது ஆள் சத்தமில்லாமல் முதல் ஆளின் மடியிலேயே உட்கார்ந்துவிடுவார். முதல் ஆள் அங்கே இருந்த தடயமே இருக்காது.

எங்கள் நிறுவனம் முதியோர் இல்லங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டிகள் செய்து விற்கிறது. அதில் எப்போதாவது ஒரு பதிவு காணாமல் போனது. இந்த வகைப் பிழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: எட்டிப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். என்ன நடக்கிறது என்று பார்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தால், அந்த வரி ஓடும் நேரத்தில் நொடிகளின் கணக்கு மாறி, பிழை நல்ல பிள்ளையாகிவிடும். ஏழு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். கடைசியில் சந்தேகப்பட்ட இடங்களில் வேண்டுமென்றே சின்னச் சின்னத் தாமதங்களைச் செருகினேன். ஒரு இடத்தில் பிடிபட்டது. கோப்பின் முடிவு எங்கே என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எழுதப் போகிற இரண்டு வேலைகள், பூட்டு எதுவுமில்லை. நான் பூட்டுப் போட்டேன். பூட்டு கைக்கு வந்த பிறகு, கோப்பின் முடிவை இன்னொரு முறை பார்க்கும்படி ஒரு வரியும் எழுதினேன். வெளியே நின்று பார்த்தது பழசு. கதவைச் சாத்திய பிறகு பார்ப்பதுதான் நிஜம். என் ஏழு வாரத்தின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

பேயாட் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறேன்" என்றான். ஒழுங்குபடுத்துவது இவர்களுக்கு ஒரு மதம். இரண்டு நாள் கழித்து என் திருத்தம் அவன் பெயரில் வந்தது. எழுதியவர்: பேயாட். கீழே, "சோதித்துப் பார்த்த கோமதிக்கு நன்றி." அவன் மேசைக்குப் போனேன். "இந்தத் திருத்தம் என்னுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு, "ஆமாம், அதனால்தான் மறுபார்வைக்கு உங்களைப் போட்டிருக்கிறேன். உங்களைவிட யாருக்கு அதிகம் தெரியும்?" என்றான். எனக்குக் கௌரவம் செய்துவிட்டதாக அவன் உண்மையிலேயே நம்பியது முகத்தில் தெரிந்தது. திருடிவிட்டு முழித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த என் முதல் கம்பெனியில், முரளி என்றொரு சீனியர் இதையே செய்தான். பேன்ட்ரியில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, "ஏண்டா, உனக்கு வெட்கமா இல்ல?" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடிக்கு ஆள் எட்டிப் பார்த்தது. அவனும் கத்தினான். அழுதேன். சாயங்காலம் பஜ்ஜி வாங்கி வந்து மேசையில் வைத்தான். மறுநாள் பெயர் மாறியிருந்தது. அதோடு சரி. கோபத்துக்கு அங்கே ஒரு வழி இருந்தது, வந்த வழியிலேயே வெளியேயும் போய்விடும். இங்கே குரலை உயர்த்தினால் பேசிய விஷயம் மறைந்துபோய், உயர்த்திய குரல் மட்டும்தான் கோப்பில் ஏறும். நான் பி பெர்மிட்டில் இருப்பவள். வேலை போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கும். விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது செரிக்கவில்லை.

இந்த நாட்டில் நான்கு கண் விதி என்று ஒன்று உண்டு. முக்கியமான எதையும் ஒரே ஆள் முடிவு செய்யக் கூடாது, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்படிப் பேயாட்டின் 'ஒழுங்குபடுத்திய' திருத்தம் என் திரைக்கு வந்தது. வாசித்தேன். பூட்டு இருந்தது. பூட்டிய பின் மறுபடி பார்க்கும் வரி இல்லை. ஏற்கெனவே மேலே ஒரு முறை பார்த்திருக்கிறோமே, ஒரே வேலையை எதற்கு இரண்டு தரம் செய்ய வேண்டும் என்று தூக்கியிருக்கிறான். அழகாகத்தான் இருந்தது. நான்கைந்து நிமிடம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்" என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தி ஒப்புதல் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக ஒரு பொத்தானை நான் அழுத்தியதே இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஊமையாகிவிட்டேன்.

அப்பெரோவில் துறைத் தலைவி பேயாட்டைப் புகழ்ந்தாள். அவன் பணிவாக என் பக்கம் திரும்பி, "கோமட்டி ரொம்ப ஃப்ளைஸிக்" என்றான். உழைப்பாளி என்று அர்த்தம். வண்டி மாட்டுக்கும் அதே சொல்தான். சிரித்தேன். இருபத்தெட்டு தட்டலும் முடிந்த பிறகே குடித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் காபியோடு வாடிக்கையாளர் புகார்ப் பட்டியலைத் திறப்பேன், மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பது போல. பூட்டு இருந்ததால் பிழை அபூர்வமாகிவிட்டிருந்தது, சாகவில்லை. எந்த வாடிக்கையாளர், எந்த நாள், அவன் முகம் எப்படிச் சிவக்கும் என்பதையெல்லாம் நினைத்து நினைத்து ரசித்தேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? மே போனது, ஜூன் போனது. புகார் வரவில்லை.

இப்போது சிவமலர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓஸ்டர்முண்டிகனில் நான் இருக்கும் கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவுப் பிரிவில் வேலை. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் படியில் பார்த்தால் "க்ரூசெக், ஃப்ரௌ சுப்பையா" என்பார்கள். க்ரூசெக் என்பது பெர்ன்காரர்களின் வணக்கம். சுப்பையா என் அப்பா. ஊரில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தவரை இங்கே குடும்பப் பெயராக்கித் தபால் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள். முதல் மாதமெல்லாம் அந்த வணக்கத்தைக் கேட்டதும், அப்பா பின்னால் வருகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். அக்கா மட்டும் முதல் நாளே, "இந்தியாவோ பிள்ளை? தனியவோ இருக்கிறாய்? சாப்பிட்டியோ?" என்று மூன்று கேள்வி கேட்டார். என் தமிழைக் கேட்டு, "நீ சினிமாக்காரர் மாதிரிக் கதைக்கிறாய்" என்று சிரிப்பார். கடிதம் என்று எது வந்தாலும் எனக்கு அவர்தான் துணை. என்னைவிட அவருக்குத்தான் இந்த ஊர்ப் பேச்சு தெரியும்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம். வழக்கமாக நான்தான் கடிதத்தோடு அவரிடம் போவேன். உள்ளே வந்து உட்காரவில்லை.

"வாசிச்சிட்டன் பிள்ளை, விளங்குது. ஃபெர்வார்னுங் தந்திருக்கினம், எச்சரிக்கையாம். அறை துடைச்சதை நான் பதியேல்லையாம். நாலு தரமாம். இன்னொருக்கா நடந்தா வேலையில்லையாம்."

"பதியலையா அக்கா?"

"பதிஞ்சனான்! டப்லெட்டிலை அமத்தினனான். பச்சை சரி வந்தது. அதைப் பாத்திட்டுத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான். பதினெட்டு வருசம் ஒரே இடத்திலை வேலை. ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. இப்ப என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லுகினம். நீ கொம்பியூட்டர் பிள்ளைதானே, என்னெண்டு ஒருக்காச் சொல்லு."

கடிதத்தில் நான்கு தேதிகள் இருந்தன. எத்தனை மணிக்குப் பதிவீர்கள் என்று கேட்டேன். மூன்றரைக்கு என்றார். வேலை முடியும் நேரத்தில்தான் பதிய வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. மூன்றரை என்றால் மூன்றரை. மேல் மாடியில் துடைப்பவளும் அதே மூன்றரைக்கு அதே பதிவேட்டில் பதிவாள். கீழ் மாடி டேப்லெட் கொஞ்சம் வேகம், அதனால் அக்காவின் பதிவு ஒரு கண்ணிமைப்பு முந்திப் போகும். முந்திப் போனதன் மேல்தான் மற்றது வந்து உட்காரும். "அங்க ஆபீஸ்ல ஒரு சாம்பல் கலர் பெட்டி இருக்குமா அக்கா? முன்னாடி நீல லைட்டு?" என்றேன். "ஓம், நான்தான் தூசி தட்டிறனான்" என்றார்.

அவர் போன பிறகு நெடுநேரம் சமையலறையில் நின்றேன். மூன்று மாதமாக நான் காத்திருந்த வெடி வெடித்துத்தான் இருந்தது. பேயாட் இருக்கும் பக்கம் ஒரு கீறல் இல்லை. எய்தவள் மேலே இருக்கிறாள், அம்பு கீழ் மாடியில் தைத்திருக்கிறது. புகார்ப் பட்டியலில் வராததற்கும் காரணம் புரிந்தது. துப்புரவுக்காரியின் பதிவு காணாமல் போனால் யாரும் பெட்டியைச் சந்தேகிப்பதில்லை. துப்புரவுக்காரியைத்தான் சந்தேகிப்பார்கள்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பட்டேன்தான், ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் எழுந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. இனி என் பழிக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. பேயாட்டின் பிழையால் ஒரு ஏழைப் பெண்ணின் வேலை போகப் போகிறது! இரண்டே நாளில் அலுவலகத்தில் அதே நிலைமையை உருவாக்கிக் காட்டினேன். இரண்டு பேர் எழுத, நடுவில் ஒரு தாமதம், பதிவு மாயம். திருத்தமும் எழுதினேன், ஒரே வரி, என் பழைய வரி. எங்கள் தொழிலில் திருத்தத்தோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும்: எந்தப் பழைய மாற்றத்தால் வந்த பிழை, எழுதியவர் யார், மறுபார்வை செய்தவர் யார், பிழையைத் தெரிவித்தவர் யார். அந்தக் குறிப்பு நிரலின் வரலாற்றில் அப்படியே நிற்கும். பிறகு யாரும் அழிப்பதில்லை. தெரிவித்தவர் இடத்தில் யார் பெயரைப் போடுவது? மாலையில் அக்காவிடம் போய், "உங்க பேரைப் போடட்டுமா?" என்றேன்.

"என்ட பேரோ? கொம்பியூட்டருக்குள்ளையோ?" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். கடிதம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "போடு பிள்ளை. எங்கையாவது ஒரு இடத்திலை அழியாமல் நிக்கட்டும்."

வியாழக்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பதிவு மாயமாவதைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். மூன்று மாதமாக நான் கற்பனை செய்திருந்தது அப்படியே நடந்தது. பேயாட்டின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. "இந்த வரி முதலில் நான் எழுதியதில் இருந்தது. பிறகு நீக்கப்பட்டது" என்றேன். நீக்கியவர் யார் என்று நான் சொல்லவில்லை, பெயர்தான் திரையிலேயே இருந்ததே. பேயாட் திரையில் இருந்த தன் பெயரை வாசித்தான். பிறகு அதே அமைதியான குரலில், கோபமே இல்லாமல் கேட்டான்: "மறுபார்வை நீங்கள்தானே செய்தீர்கள். அந்த வரி இல்லாததைப் பார்க்கவில்லையா?"

அறையில் இருந்த எல்லாக் கண்ணும் என் மேல். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நானே கட்டிய பொறிக்குள் நான் நிற்பது. பார்க்கவில்லை என்றால் தப்பித்துவிடலாம். ஆனால் அது இல்லாததைக் கவனிக்காத ஒருத்தி அந்த வரியை எழுதியிருக்க மாட்டாள். அப்படியானால் திருத்தம் கடைசிவரை அவனுடையதுதான், நான் ஃப்ளைஸிக்தான். பார்த்தேன் என்றால் திருத்தம் என்னுடையது. குற்றமும் என்னுடையது.

"பார்த்தேன்" என்றேன்.

உண்மையின் மேலிருந்த பற்றினால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னேன். துறைத் தலைவி பேனாவை மூடி வைத்தாள். பேயாட், "ஏன் சொல்லவில்லை?" என்றான். "நீங்கள் கேட்கவில்லை" என்றேன். இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று அவன் என்னைப் பார்த்தான். ஏழு வாரம் உழைத்தவளின் பெயரை எடுத்துவிட்டுத் தூங்கப் போகும் மனிதர்களை நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு ஃபெர்வார்னுங் வந்தது, அக்காவுக்கு வந்தது போலவே வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி. வேலை போகவில்லை. அந்த நிரலின் பூட்டுகளை முழுதாக அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பதைக் கூட்டம் நிரூபித்துவிட்டிருந்தது. எங்கள் நிறுவனம் முதியோர் இல்லத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. இவர்கள் அறிக்கையில் எதையும் மறைப்பதில்லை, அதையும் ஒழுங்காகவே செய்வார்கள்: பிழை எப்போது நுழைந்தது, அது மறுபார்வையில் கண்ணில் பட்டும் தெரிவிக்கப்படவில்லை, அதைப் பார்த்த ஊழியரே பிறகு வெளிக்கொண்டு வந்தார். பெயர் இல்லை. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, எச்சரிக்கையைத் திரும்பப் பெற்று, அறிக்கையின் ஒரு பிரதியையும் கொடுத்தார்.

அன்று மாலை அக்கா படியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் அணைத்துக்கொள்வதற்குக் கை நீட்டிக்கொண்டு ஏறினேன். அவர் கையில் அந்தத் தாள் இருந்தது.

"இதிலை கிடக்கிற ஆள் நீயோ?"

"ஆமாக்கா. அது வந்து, அங்க ஆபீஸ்ல ஒருத்தன்..."

"அந்தக் கதை வேண்டாம். நீ பாத்தனீயோ?"

"பார்த்தேன்."

"பாத்திட்டுப் பேசாமல் இருந்தனீ."

"உங்களுக்கு வரும்னு எனக்குத் தெரியாது அக்கா."

"எனக்கு வராட்டி ஆருக்கோ வந்திருக்கும்." அவர் தாளை நான்காக மடித்தார். "அவங்கள் பாக்காமல் செய்தாங்கள். நீ பாத்திட்டுச் செய்தாய். நான் உன்னை எங்கட பிள்ளை எண்டல்லோ நினைச்சன்." பேயாட் என் ஏழு வாரத்தைத் தூக்கிப் போட்டதைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் வீட்டுக்குள் போயிருந்தார், கதவு சாத்தியாகிவிட்டது, சத்தம் கேட்காத அளவுக்கு மெதுவாக. சத்தத்தோடு சாத்தியிருந்தால் நாளைக்கு பஜ்ஜி வாங்கிக்கொண்டு போயிருப்பேன். முப்பது வருஷத்தில் அவரும் இந்த ஊர்க் கோபத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் மறுபடி ஒரு அப்பெரோ. பேயாட் இப்போதெல்லாம் ஒவ்வொரு திருத்தத்திலும் என் பெயரை முதலில் போடுகிறான், அனுப்புவதற்கு முன் இரண்டு தரம் கேட்கிறான். நான் பார்க்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்துவதில்லை. பயம்தான், எனக்குத் தெரியும், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. குவளையோடு என்னிடம்தான் முதலில் வந்தான். குறுக்கே யார் கையும் இல்லை. கண்ணைப் பார்த்து, "ப்ரோஷ்ட், கோமதி" என்றான். மட்டியைத் தூக்கி மதியைப் போட வீட்டில் பழகிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆப்பிள் சாறு மட்டும் கொஞ்சம் புளித்தது.

வீட்டுக்கு வரும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து அந்தத் திருத்தத்தின் குறிப்பை இன்னொரு முறை பார்த்தேன். அடிக்கடி பார்க்கிறேன். பிழையைக் கொண்டுவந்தவர், பேயாட். அதற்கு ஒப்புதல் அளித்தவரும் இப்போது திருத்தியவரும், கோமதி சுப்பையா. தெரிவித்தவர், சிவமலர். அந்தப் பெட்டிகள் ஓடும்வரை எங்கள் மூன்று பெயரும் அடுத்தடுத்த வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டடத்துக்குள் நுழைந்தபோது அக்கா குப்பைப் பையோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன். என் பக்கம் வந்ததும் அவர் நின்று, கண்ணைப் பார்த்து, மிகவும் மரியாதையாகத் தலையசைத்தார்.

"க்ரூசெக், ஃப்ரௌ சுப்பையா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.